மெலாத்தியின் பங்கு

பிராம்வெல் தோட்டத்து ரோகினிக்கு ஆறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தபோது வலது முழங்கால் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. காயத்தில் ஒரு பொட்டு மண் கிடையாது. அம்மா மோகனா ஏதாவது பூச்சி இருக்கிறதா என்று நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மேசைக்கடியில் தடவிப் பார்த்தாள், பிறகு மஞ்சளை வைத்துக் கட்டிப் பாலர் பள்ளிக்கு அனுப்பினாள். அங்கே இந்தோனேசியக்காரி யூலியின் மகள் மெலாத்தி, வரும் வழியில் சரளைக் கல்லில் விழுந்து, வலது முழங்காலில் அதே அளவுக் காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அந்த வாரம் லுக்குட் பாசாரில் மீன் விலை ஏறியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய ஆயாக்கொட்டகையில்தான் பாலர் பள்ளி நடந்தது. தோட்டத்தில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். மற்ற வீடுகளில், எண்ணெய் எடுக்கும் செம்பனையில் வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஆசிரியை தனலெட்சுமி சிரம்பான் லோபாக்கிலிருந்து ஒரு பழைய காரில் தினமும் வருவாள். பிள்ளைகளுக்கென்று அவளுக்கு வந்த படப் புத்தகங்களில் பனி பெய்தது, வெள்ளைக் கரடிகள் நடந்தன. கரடியைப் பார்த்துப் பிள்ளைகள், இந்த நாய் ஏன் இவ்வளவு தின்றது என்று கேட்டார்கள். அதனால் அவளே நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்து புத்தகம் தைத்தாள். முதல் புத்தகம் சிநேகிதத்தைப் பற்றியது. ஒரு மதகுக்கு அடியில் உடும்பும் மைனாவும் குடியிருக்கின்றன. மைனாவின் சிறகு முறிகிறது, உடும்பு இரை தேடப் போகாமல் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டாவது புத்தகம் மாற்றத்தைப் பற்றியது. மதகை உடைத்துச் சாலை போடுகிறார்கள், மைனா பட்டணத்துக்குப் பறந்துவிடுகிறது, உடும்பு புதிய பொந்து தேடுகிறது. தோட்டம் கைமாறப்போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பிரிவதற்குப் பழக வேண்டும் என்று அவள் எண்ணினாள். வரிசைப்படி, முதலில் சேர்ந்திருக்கப் பழக வேண்டும்.

முதல் புத்தகத்தை வாசித்து முடித்தது, முழங்கால் கிழிந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை. கடைசிப் பக்கத்தில் உடும்பு மைனாவிடம் சொல்லும் வாக்கியத்தை, பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துச் சொல்ல வேண்டும் என்றாள் தனலெட்சுமி. மெலாத்தியின் பெயர் பள்ளிப் பதிவில் இல்லை. அவளுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்ட வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அமிர்தலிங்கம்தான், ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று சேர்த்துவிட்டிருந்தார். அவளோடு கைகோக்க யாரும் வரவில்லை. ரோகினி எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டாள். 'உனக்கு வலித்தால் எனக்கும் வலிக்கும்' என்பதுதான் வாக்கியம். மற்ற பிள்ளைகள் பாட்டுப்போலக் கத்தினார்கள். தமிழ் சரியாகத் தெரியாத மெலாத்தி மட்டும், ரோகினியின் வாயையே பார்த்து, எழுத்து எழுத்தாக, தப்பில்லாமல் சொன்னாள். சொன்ன பிறகு அதன் அர்த்தம் என்னவென்று மலாயில் கேட்டாள். தனலெட்சுமி விளக்கினாள். மெலாத்தி தலையாட்டினாள்.

முழங்காலுக்குப் பிறகு பல் விழுந்தது, இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பல். பிறகு அது சோற்றுக்கும் வந்தது. ரோகினி வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றாள். யூலி வீட்டில் பானை காய்ந்திருந்த நாட்களில் அவளுடைய பசி இரட்டிப்பாக இருந்தது. மெலாத்தி எங்காவது விருந்துச் சோறு சாப்பிட்டால் ரோகினி தட்டைத் தள்ளிவிடுவாள். ஒருத்தியின் சாப்பாடு இரண்டு வயிற்றுக்கும் பாதிப்பாதியாகப் போய்க்கொண்டிருந்தது. மோகனா பள்ளிக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், எம்பிள்ள திங்கிறது அந்தப் பிள்ள வயித்துக்குப் போவுது. நீங்க என்னமோ சொல்லிக் குடுத்தீங்களாமே."

"கத சொன்னேன் மோகனா. அவ்வளவுதான்."

"கதயா இது?"

தனலெட்சுமி மெலாத்தியை வெளியே கோயில் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, ரோகினியின் உள்ளங்கையில் அடிக்கோலால் மெல்லத் தட்டினாள். ஜன்னல் வழியாக இரண்டு பெண்களும் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் மெலாத்தி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு யார் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். மோகனா அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரோகினியின் கையை இழுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். ஏனென்றால் பள்ளி விட்ட பிறகு யூலி அந்தப் பிள்ளையைச் செம்பனைக் காட்டுக்குள் கூட்டிப் போவாள். அம்மா உதிரிப்பழம் பொறுக்க, மகள் காலடியில் உட்கார்ந்திருப்பாள். அங்கே குளவிக்கூடு உண்டு, மட்டை முள் உண்டு, தலைக்கு மேலிருந்து விழும் குலை உண்டு, குவியல் குவியலாகக் காய்ந்த மட்டைக்கடியில் பாம்பு உண்டு. அன்று மாலையே ரோகினியின் குதிகாலில் முள் குத்திய துளை இருந்தது. முள் இல்லை. மோகனா ஊசியை வைத்துக்கொண்டு எடுக்க ஒன்றுமில்லாத துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனலெட்சுமி செய்யக்கூடியதைச் செய்து பார்த்தாள். நேரம் வருமுன்னே இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள். மதகு உடைந்தது, மைனா பறந்தது, உடும்பு கையசைத்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ரோகினி புத்தகத்தை வாங்கி மைனாவின் படத்தைத் தடவிப் பார்த்தாள்.

"டீச்சர், மைனா பட்டணத்துல கீழ விழுந்துட்டா உடும்புக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. ரொம்ப தூரம்ல."

"தெரியும்," என்றாள் ரோகினி.

அவளுடைய அப்பா சத்தியசீலன் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அதிகம் பேசாதவர். லயத்தில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. பூசாரி கயிறு கட்டினார், மண்டோர் அமிர்தலிங்கம் பிள்ளைகளைப் பேசாமல் வளரவிடுங்கள் என்றார், யூலி மோகனாவின் வாசலில் வந்து நின்று "காக், மாஃப், காக்" என்று, அக்கா என்றழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு அழுதாள். மெலாத்தியைப் பகலில் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, காட்டுக்குப் போகாமலாவது இருக்கும் என்று மோகனா கணவனிடம் கேட்டாள். மைனாவைப் பற்றி டீச்சர் சொன்னதாக மகள் வீட்டில் சொன்னதில் சத்தியசீலனுக்கு ஒன்றுதான் மனதில் நின்றது. தூரம். எந்தக் கயிறும் ஒரு நீளத்துக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று அவர் லோரி ஓட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் லுக்குட்டில் டயர் மாற்றும் கடையில் லோரி நின்றபோது, அவர் தன் கைப்பேசியை எடுத்து குடிநுழைவுத் துறையின் ஓர் எண்ணுக்கு அழைத்து, பத்திரம் இல்லாத ஆட்கள் எந்த லயத்தில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொன்னார்.

வேன்கள் ஒரு காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு நேரத்தில் வந்தன. வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் செம்பனைக்குள் ஓடினார்கள். யூலி ஓடவில்லை, பிள்ளைக்குக் காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சீருடைக்காரர்கள் அதட்டவில்லை, அடிக்கவுமில்லை. அவர்களில் ஒருவர் மெலாத்தியைத் தூக்கி வேனில் உட்கார வைத்தார். சத்தியசீலன் லோரியின் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேன்கள் மண்சாலை தாண்டி, தார்ச்சாலை ஏறி, மறைந்தன. அவர் வீட்டுக்குப் போனார். ரோகினி வாசற்படியில் உட்கார்ந்து, குழியில் ஏறி இறங்கும் வண்டியில் இருப்பவளைப்போல மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தாள். தார்ச்சாலையில் வேகம் கூடியபோது குலுக்கம் நின்றது.

அடுத்து வந்த நாட்கள் ஒன்றைவிட ஒன்று மோசமாக இருந்தன. மெத்தையில் படுத்திருந்த ரோகினி முதுகு சில்லிடுகிறது, தரை கெட்டியாக இருக்கிறது என்றாள். கைகால் முழுக்கக் கொசுக்கடி தடித்தது. ஒரு பிற்பகல் மோகனா அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, முடி கொத்துக் கொத்தாகக் கத்தரித்ததுபோல் கையோடு வந்தது. மோகனா சடை பின்னுவதை நிறுத்தவில்லை. பின்ன ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் நிறுத்தினாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பில் நடப்பதைச் சொல்ல வார்த்தை போதவில்லை. தனலெட்சுமி அதற்காகப் புதிய புத்தகம் ஒன்று வரைந்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம்: சிமெண்டுத் தரை, வாளித் தண்ணீர், நெருக்கமாகப் படுத்திருக்கும் ஆட்கள், ஒற்றைப் பிடிச் சோறு, வெயில், நெருப்பு. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போவாள். பிள்ளை விரல் வைக்கும் இடத்தில் நிறுத்துவாள். ரோகினி சிமெண்டுத் தரையில் விரல் வைத்தாள், ஒற்றைப் பிடிச் சோற்றில் வைத்தாள். ஒரு சனிக்கிழமை நெருப்பில் வைத்தாள். அதிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. மருத்துவர் மறுபடியும் சோதித்தார், மறுபடியும் ஒன்றும் இல்லை. கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். பாட்டில் இரண்டு மடங்கு வேகத்தில் காலியாயிற்று. தாதி குழாய் ஒழுகுகிறதோ என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். மோகனாதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"மிஸி, இன்னொரு பாட்டில் போடுங்க. அங்கயும் ஒருத்தி படுத்திருக்கா."

தாதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் காலியான பாட்டிலை மாற்றுவது அவள் வேலை, மாற்றினாள். சத்தியசீலன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நாந்தான் மோகனா," என்றார்.

"என்ன நீங்கதான்?"

"நாந்தான் போன் பண்ணேன். தூரமாப் போயிட்டா அறுந்துரும்னு நெனச்சேன்."

மோகனா மகளுடைய மொட்டைத் தலையில் ஈரத்துணியை மாற்றினாள். பிறகு, "அங்க போங்க. போயி பாருங்க," என்றாள்.

அவர் தனலெட்சுமியோடு அவள் காரில் போனார். தடுப்பு முகாம் வாசலில் ஒரு கம்பளி, ரொட்டி, காய்ச்சல் மருந்து வைத்துக்கொண்டு நின்றார். காவலர் விதிப்படிதான் கேட்டார், மெலாத்தி உங்களுக்கு என்ன உறவு என்று. சத்தியசீலன், அப்பா என்றார். காவலர் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பொருட்களை வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார்கள். சத்தியசீலன் அந்தக் கம்பளியை ரோகினிமேல் போர்த்தினார். கடுமையான மதிய வெயில், வார்டில் விசிறி சுற்றினாலும் பிள்ளை வியர்த்துக் கொட்டினாள். ஆனால் கிடுகிடுத்துக்கொண்டிருந்த பற்கள் நின்றன. அவர் கம்பளியின் ஓரங்களை அவள் உடம்புக்கடியில் செருகிவிட்டார், காற்று புகாதபடி. இரண்டாவது நாள் காய்ச்சல் இறங்கியது. மருத்துவர் எழுதியது எந்த நோய்க்கும் பொருந்தாத மருந்து. ஆனாலும் அது வேலை செய்தது என்று குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு மோகனா இரண்டு பேருக்குச் சமைத்தாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தட்டு போட்டாள். முதல் தட்டு உனக்கு, இரண்டாவது மெலாத்திக்கு. ரோகினி திணறினாலும் விடமாட்டாள். லயத்துப் பெண்கள் குழம்பு மிஞ்சினால் கிண்ணத்தில் கொண்டுவந்து, "அந்தப் பிள்ளைக்கு," என்று வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் வியப்பாகப் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து ரோகினி வீட்டுத் தரையில் நிற்க முடியாமல் தள்ளாடினாள், வாந்தி எடுத்தாள், உதடு உப்பாகக் கரித்தது. தனலெட்சுமி அவசரமாகக் கப்பல் ஒன்றை வரைந்து காட்டினாள். ரோகினி அதன்மேல் விரல் வைத்தாள். பிறகு ஒருநாள் தரை நின்றது. உள்ளங்காலில் சுடுமணல் பட்டு அவள் துள்ளினாள். சத்தியசீலன் அன்று வேலைக்குப் போகவில்லை. கோயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் அதற்குப் பிறகு தன் கைப்பேசியிலிருந்து யாரையும் அழைத்ததில்லை. யாராவது அழைத்தால் எடுப்பார், அவ்வளவுதான்.

தனலெட்சுமி முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வேறு எந்த வகுப்பிலும் வாசிக்கவில்லை. பிள்ளைகள் அடுத்த பக்கம் எங்கே என்று கேட்டால், கதை இத்தோடு முடிந்தது என்பாள். தோட்டம் கைமாறியது. ஆயாக்கொட்டகையை இடித்தார்கள், லயத்தை இடித்தார்கள், கோயிலை நகர்த்தினார்கள், செம்பனை நின்ற இடத்தில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் லுக்குட்டுக்கும் சிரம்பானுக்கும் ரெம்பாவுக்கும் பிரிந்து போயின. மண்டோர் அமிர்தலிங்கம் இறந்தார். கைகோத்துப் பாட்டுப்போலக் கத்திய பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் மறந்தார்கள். ரோகினியின் குடும்பம் லுக்குட்டில் ஒரு மாடி வீட்டில் குடியேறியது. அவளுக்கு எட்டு வயதில் தோளில் காவடித் தண்டு அழுத்திய தழும்பு விழுந்தது, மெலாத்தி தண்ணீர் சுமக்க ஆரம்பித்திருந்தாள். பதினோரு வயதில் உள்ளங்கை காய்த்துப்போயிற்று. மோகனா வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாள், இரண்டு கைகளுக்கும், இரண்டு முறை. செய்தி என்று வந்தது இவ்வளவுதான். எந்தத் தீவு, எந்த ஊர், யூலி உயிரோடு இருக்கிறாளா, எதுவும் தெரியாது. ரோகினி சாயங்காலங்களில் தன் காது மடலைக் கிள்ளிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அதே மடல் தானாகச் சுரீர் என்னும். அவள் சிரிப்பாள். ஒரு வருடம் மழைக்காலம் முழுக்க அந்தப் பதில் வரவில்லை. அந்த மாதங்களில் மோகனா மகளை மோட்டாரில் ஏறவிடவில்லை, கடலில் இறங்கவிடவில்லை, அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். எது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோகினி காதைப் பிடித்துக்கொண்டு, "ஆ, வலிக்குது ம்மா," என்று கத்தினாள். மோகனா அன்று பாயசம் வைத்தாள்.

பள்ளி முடித்ததும் ரோகினி லோபாக்கில் தனலெட்சுமி நடத்திய பாலர் பள்ளியில் உதவிக்குப் போனாள். படப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் காட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வயதில் அவளுக்குக் காலையில் குமட்டத் தொடங்கியது. மாடி வீட்டு அக்கம்பக்கத்தார் தோட்டத்தவர்கள் இல்லை, அவர்களுக்கு முன்கதை தெரியாது, வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மருத்துவர் வயிற்றில் கருவியை ஓட்டிப் பார்த்து, வெறும் வயிறு என்றார். ரோகினி மாங்காய் கேட்டாள், கால் வீங்கினாள், நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். மோகனா மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். சந்தோஷமாக எண்ணவில்லை. அந்தக் கரையில் மருத்துவச்சி இருப்பாளா, ரத்தம் போனால் நிறுத்தத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்று யோசித்தாள். ஒரு குடும்பத்தின் ஒரே பிள்ளையின் உயிர், பெயர் தெரியாத ஊரில், யாரோ ஒருத்தியின் கைத்திறனில் இருந்தது.

வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்தது. தனலெட்சுமி வந்துவிட்டாள், பழைய தோட்டத்துப் பெண்கள் செய்தி கேட்டு மோட்டாரிலும் பேருந்திலும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். ரோகினி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பெண்கள் பிள்ளை பெறுபவளுக்குச் சொல்லும் எல்லாவற்றையும் சொன்னார்கள். மூச்சை விடு, முக்கு, இன்னும் கொஞ்சம்தான் என்றார்கள். அவள் முக்கினாள். ஒரு கட்டத்தில் அவள் முகம் வெளுத்து, கை குளிர்ந்து, கண் மேலே செருகியது. மோகனா மகளின் வாயில் கரண்டி கரண்டியாகச் சீனித் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. குடி. அவளுக்குக் குடி மா."

சத்தியசீலன் வாசலில் நின்றார். உள்ளே கத்தல் நின்றது. பெண்கள் பழக்கத்தினால் குழந்தையின் அழுகைக்குக் காது கொடுத்தார்கள், அந்த அறையில் அழ யாரும் இல்லை. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. தெருவில் ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பிறகு ரோகினி கண்ணைத் திறந்தாள்.

"பசிக்குது ம்மா," என்றாள். "ரொம்ப."

மறுநாள் காலை மோகனா லுக்குட் பாசாருக்குப் போனாள். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்ய இளஞ்சுறா வேண்டும் என்றாள். மீன்கார மயிலம்மாள், அவளும் ஒரு காலத்தில் பிராம்வெல் தோட்டத்துக்காரிதான், கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தாள்.

"யாருக்கு மோகனா?"

"எங்க மெலாத்திக்கு."

"அட. என்ன பிள்ள?"

"அது தெரியாது லா. ஆனா ரோகினி சுண்டுவெரலப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குதாம். நல்ல பிடியாம்."

மயிலம்மாள் ஐஸுக்கடியில் கைவிட்டு, வெளியே வைக்காத ஒன்றை எடுத்தாள். நல்ல பூண்டா வாங்கிப் போடு, பால் ஊறும் என்றாள். பிறகு சுறாவைத் தராசில் வைத்து, இரண்டு பேருக்குப் போதுமா என்று கேட்டாள்.